நீளவண்டியின் மறுபாதி

மார்ச் 3

அன்புள்ள மச்சானுக்கு,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடுங்கள். எழுத்துகள் சில இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், சில இடங்களில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். ஓடும் வண்டியில் வைத்து எழுதியதோ என்று நினைப்பீர்கள். மேஜை அசையாமல்தான் இருக்கிறது. ஆடுவது என் கை.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். உங்கள் தங்கையின் வீட்டுக்காரன், நம் நீளவண்டி ரயிலில் பயணிகளுக்குப் படுக்கை விரித்துக்கொண்டிருந்த அதே ஆள். போன மழைக்காலத்தில் நூலகத்து மாடியில் முதியவர்களுக்கு எழுத்து வகுப்பு தொடங்கினார்கள். நானும் ஓய்வுபெற்ற முடிதிருத்துபவர் ஒருவரும் கடைசி பெஞ்சு. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் வாசித்துக்கொண்டே வருகிறேன். மருந்துக்கடை. பூட்டு பழுது பார்க்கப்படும். நாய் ஜாக்கிரதை. அந்த நாயைப் பற்றி எனக்குப் பலகை இல்லாமலே தெரியும், இருந்தாலும் ஒவ்வொரு நாளும் நின்று வாசிக்கிறேன். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த தெரு திடீரென்று பேச ஆரம்பித்துவிட்டது மச்சான்!

இந்த வயதில் எதற்கு இதெல்லாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் காதுக்காகத்தான். போனில் நாங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் "யாரு? யாரு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரரை எழுதச் சொல்லலாம். நம் வீட்டு விஷயத்தை அவர் வாயில் போட்டு மெல்ல விடுவதற்கு எனக்கு மனமில்லை.

வகுப்பில் அவரவருக்குத் தெரிந்ததை எழுதச் சொன்னார்கள். நான் நீளவண்டியின் கதையை எழுதுகிறேன். டீச்சரம்மா ரயில் பக்கமே போகாதவர். அவருக்காக எழுதிய வரிகளை உங்களுக்கும் அப்படியே எழுதுகிறேன், சிரிக்காதீர்கள்:

"எங்கள் ஊரிலிருந்து என் மச்சான் ஊருக்கு இரண்டு இரவும் ஒரு பகலும் ஆகும். இங்கிருந்து ஒரு வண்டி கிளம்பும் நாளில் அங்கிருந்தும் ஒன்று கிளம்பும். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் இரண்டும் நடுஸ்டேஷனில் ஒன்றுக்கொன்று வழிவிட நிற்கும். நான் ஒரு வண்டியில் படுக்கை விரித்தேன். மச்சான் எதிர்வண்டியில் சமைத்தார். நாங்கள் இருவரும் அந்த நடுஸ்டேஷனில் மட்டுமே பார்த்துப் பேசினோம்."

இது வரைக்கும் சரியாக வந்திருக்கிறது. நிலக்கரி எஞ்சின் காலத்தில் காலையில் வெள்ளைப் போர்வையை உதறினால் கரி பறக்கும் என்பதையும் எழுதிவிட்டேன். ஆற்றுப்பாலம் வந்தால் தூங்குகிறவர்கள் எல்லோரும் எழுந்திருக்காமலே ஒரே நேரத்தில் புரண்டு படுப்பார்கள் என்பதையும் எழுதினேன். ஆனால் சமையல் பெட்டி எனக்குத் தெரியாது. அது உங்கள் ராஜ்ஜியம். அந்தப் பாதியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

வண்டி நின்று ஏழு வருஷம் ஆகிறது. உங்கள் தங்கை உங்களைப் பார்த்தும் அவ்வளவு காலம் ஆகிவிட்டது. உங்களுக்கும் எனக்கும் என்ன சண்டை என்று அவள் கேட்டால் "உங்க அண்ணனையே கேளு" என்கிறேன். நீங்களும் "உன் வீட்டுக்காரனையே கேளு" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். நடுவில் கிடந்து அவள்தான் வாடுகிறாள். அண்ணன் முகத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்கிறாள். இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

மார்ச் 15

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. வாசித்து முடிக்க ஒரு காலைப்பொழுது போயிற்று. அடுத்த முறை கோடு போட்ட தாளில் எழுதவும்.

வரலாறு எழுதுவதென்றால் ஒழுங்காக எழுத வேண்டும். அது சமையல் பெட்டி ஆனது பிற்காலத்தில். நான் சேர்ந்தபோது அதற்குப் பெயர் சாப்பாட்டுப் பெட்டி. ஜன்னல் ஓரமாக மேஜைகள், அவற்றின் மேல் கஞ்சி போட்ட விரிப்பு. வளைவுகளில் கோப்பை வழுக்காமல் இருக்க மேஜையிலேயே வட்டக் குழி வெட்டியிருப்பார்கள். வியாபாரிகள் அங்கேதான் பேரம் பேசினார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் ஒரே தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மலை ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே சூப் ஆடாமல் நிற்கும். அது என் கைப்பக்குவம்.

பிறகு மேஜைகளை எடுத்தார்கள். பிறகு பரிமாறுகிறவர்களை எடுத்தார்கள். அடுப்பை எடுத்துவிட்டு, எங்கேயோ சமைத்த சாப்பாட்டைச் சூடாக்க ஒரு தட்டு வைத்தார்கள். கடைசியில் நானும் ஒரு டீக் கொதிகலனும் மிஞ்சினோம். தினம் ஓடியது வாரம் மூன்று நாளாயிற்று, அப்புறம் வாரம் ஒன்று. விமானம் வந்ததால் வண்டி நின்றது, பஸ் வந்ததால் நின்றது என்று எழுதிவிடாதீர்கள். யாருக்கும் வலிக்காத மாதிரி ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றித்தான் அதை நிறுத்தினார்கள்.

கடைசி நாளன்று தன் பெட்டிக் கதவில் நிற்கக்கூட மனம் வராதவர், இன்று வண்டிக்கு வரலாறு எழுதுவது நல்ல வேடிக்கை.

தங்கையின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும்.

மச்சான்

மார்ச் 26

அன்புள்ள மச்சானுக்கு,

கோடு போட்ட தாள் வாங்கிவிட்டேன். இப்போது எழுத்துகள் கோட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் கடிதத்தை எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தேன். "மதிப்பிற்குரிய" என்பதைக் கடக்கவே பெரும்பாடாகிவிட்டது. உங்கள் தங்கை தலையில் கை வைத்துவிட்டாள். "போச்சு! உங்களை நீங்கன்னு எழுதியிருக்காரா? அப்போ கோபம் இன்னும் அடுப்புலயேதான் இருக்கு" என்றாள். டேய் மாப்பிள்ளை, டேய் சோம்பேறி என்றுதானே நீங்கள் என்னைக் கூப்பிடுவீர்கள்! இந்த 'நீங்கள்' எனக்கு இறுக்கமான சட்டை மாதிரி இருக்கிறது.

நம் வழக்கத்தையும் வரலாற்றில் எழுதியிருக்கிறேன். நடுஸ்டேஷனில் வண்டி நின்றதும் நீங்கள் இரண்டு கண்ணாடி டம்ளரில் டீயோடு இரண்டு வண்டிக்கும் நடுவே தண்டவாளத்தில் இறங்கி, என் பெட்டியின் பின்கதவு வழியாக ஏறி வருவீர்கள். பெட்டியை விட்டு நான் நகரக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் வருவது எப்போதும் நீங்கள்தான். பேச்சு சூடுபிடிக்கும்போது விசில் ஊதிவிடும். பாதியில் நின்ற பேச்சை அடுத்த தடவை, எப்படியிருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல், விட்ட இடத்திலிருந்தே தொடங்குவோம்.

என் கல்யாணமே அப்படித்தானே? "டேய், என் தங்கச்சி ஒருத்தி இருக்கா. கோபக்காரி. உனக்குத்தான் சரிப்படுவா" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் விசில். அடுத்த தடவை நீங்கள் கதவில் ஏறும்போதே நான் "சரி" என்றேன். "எதுக்குடா சரி?" என்று முழித்தீர்கள். இதை டீச்சரம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முடிதிருத்துபவர் கைதட்டினார்.

இனிமேல் எழுதப்போவது டீச்சரம்மாவுக்கு இல்லை.

கடைசிக்கு முந்தின தடவை நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "டேய், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். வண்டி நின்னுட்டா, நான்..." என்றீர்கள். விசில் ஊதிவிட்டது. அடுத்த தடவை கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கடைசி நாளன்று கதவிலேயே நின்று உங்களை எதிர்பார்த்தேன். வழக்கமாக வரும் நேரம் தாண்டியும் வரவில்லை. இத்தனை வருஷம் அவர் வந்தார், இன்றைக்கு ஒரு நாள் நாம் போவோமே, கடைசி நாளில் யார் விதியைக் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றியது. உங்களுக்குக் கொடுக்க ஒன்று வைத்திருந்தேன். அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். தண்டவாளத்தில் இறங்க என் முழங்கால் ஒப்பவில்லை. மேம்பாலம் ஏறி இறங்கி உங்கள் சமையல் பெட்டிக்கு வந்தேன். நீங்கள் இல்லை. கொதிகலன் மட்டும் தன்பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. யாரிடம் கேட்பது? இறங்கி நின்றவர்கள் எல்லோரும் படம் எடுக்க வந்தவர்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த வண்டியில் ஏறியதே இல்லை. அடுப்பை விட்டு எங்கே போய்விடப் போகிறார் என்று உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்தேன். விசில் ஊதும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு ஓடிப்போய் நகர்கிற வண்டியின் கடைசிப் பெட்டியைப் பிடித்தேன். கார்டு என் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

நான் வந்தேன் மச்சான். நீங்கள்தான் இல்லை. எனக்கும் கோபம் உண்டு. கதவில் நிற்கவில்லை என்று என்னைச் சொல்கிறீர்களே, அது எப்படி உங்களுக்குத் தெரியும்? நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

மாப்பிள்ளை

பின்குறிப்பு: துணியில் சுற்றியிருந்தது, இரண்டு ஊர்ப் பெயரும் எழுதிய நம் வண்டியின் பலகை. பணிமனையில் குவித்து வைத்திருந்த பழைய பலகைகளில் நன்றாகப் பெரிய எழுத்தாகப் பார்த்து ஒன்றைக் கேட்டு வாங்கினேன். ஏழு வருஷமாக உள் அறையில் மாட்டி, தினம் துடைத்து வருகிறேன். போன வாரம்தான் முதல்முறையாக அதை வாசித்தேன். "ஓடும் வண்டியில் கதவருகே நிற்காதே" என்று எழுதியிருக்கிறது.

ஏப்ரல் 4

டேய் மாப்பிள்ளை,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே பிரித்தேன். பாதிக்கு மேல் படியில் உட்கார்ந்து வாசித்தேன்.

நான் உன் பெட்டியில்தான் இருந்தேனடா மடையா!

கடைசி நாள் என்று கூட்டம் முழுக்க என் கொதிகலனைச் சுற்றி நின்றது. ஆளாளுக்கு டீ. அதனால்தான் தாமதம். கூட்டத்தை விலக்கி, நமக்கு இரண்டு டம்ளர் எடுத்துக்கொண்டு, எப்போதும்போலத் தண்டவாளத்தில் இறங்கி ஏறினேன். நீ மேலே பாலத்தில் போயிருக்கிறாய், நான் கீழே வந்திருக்கிறேன். உன் பெட்டியில் ஒரு பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். படுக்கைக்காரர் எங்கே என்று கேட்டேன். "இப்பத்தான் அவசர அவசரமா இறங்கிப் போனாரு, கையில ஏதோ மூட்டை" என்றார். மூட்டை! நீ அடுக்கி வைத்திருந்த கம்பளிகளின் மேல் உட்கார்ந்து காத்திருந்தேன். நீ மடித்த கம்பளி எப்படி இருக்கும் தெரியுமா? நாலு மூலையும் உள்ளே போயிருக்கும், பார்த்தால் தலையணை மாதிரி இருக்கும். எந்த வண்டியில் பார்த்தாலும் உன் கை என்று சொல்லிவிடுவேன். அதன் மேல் உட்கார்ந்துகொண்டு உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ என் ஸ்டூலில் உட்கார்ந்து என்னைத் திட்டியிருக்கிறாய். விசில் ஊதியதும் இரண்டு டீயையும் ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டு டம்ளரோடு திரும்பினேன். இல்லாவிட்டால் அந்த டம்ளரைப் பார்த்தாவது உனக்குப் புரிந்திருக்கும்.

பாதியில் நின்ற பேச்சைக் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். நான் கல்யாணம் செய்துகொண்டது அந்தச் சமையல் பெட்டியை. அது உனக்குத் தெரியும். "வண்டி நின்னுட்டா, நான் உங்க ரெண்டு பேர்கூட வந்து இருந்துடட்டுமா?" என்பதுதான் அந்தப் பேச்சு. அதைக் கேட்க வாய் வராமல் பல தடவை டீயைக் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கடைசி நாளில் நீ பெட்டியில் இல்லை, மூட்டையோடு போய்விட்டாய் என்றதும், நான் என்ன கேட்கப்போகிறேன் என்று ஊகித்துவிட்டாய், முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லாமல் நழுவிவிட்டாய் என்று முடிவு கட்டிவிட்டேன். இதைத் தங்கையிடம் எப்படிச் சொல்வது? "உன் வீட்டுக்காரனையே கேளு" என்றேன்.

இப்போது நான் அதைக் கேட்கவில்லை. அன்று கேட்க இருந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ஒரு அறை, ஒரு அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே துருப்பிடித்த தண்டவாளம். இடது காது வண்டியோடு போயிற்று, வலது காது அதைத் தேடிக்கொண்டு பின்னாலேயே போயிற்று. அமைதியாக இருக்கிறேன்.

அந்தப் பலகையை அன்றைக்கே கொடுத்திருந்தால், சிரித்த சிரிப்பில் எல்லாமே முடிந்திருக்கும்.

மச்சான்

ஏப்ரல் 14

அன்புள்ள மச்சானுக்கு,

'மடையா' என்று வாசித்ததும் உங்கள் தங்கை, "அப்பாடா, அண்ணன் திரும்பி வந்துட்டாரு" என்றாள்.

மீதியை வாசித்து முடித்ததும் அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். எழுந்து உள் அறைக்குப் போனாள். ஜன்னலைத் திறந்தாள். பழைய பெட்டிகள், ஓடாத தையல் மெஷின் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வந்து கூடத்தில் போட்டாள்.

"கேக்கலைன்னு எழுதியிருக்காரு" என்றேன்.

"அவரு எதைத்தான் கேட்டாரு? என் கல்யாணத்தையே என்னைக் கேக்காமத்தானே முடிச்சாரு. இந்த மெஷினைப் பிடிங்க."

"முழங்கால் வலிக்குதுன்னியே?"

"அது நேத்து."

அவள் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுத விடமாட்டேன் என்கிறாள். முகத்துக்கு நேரேதான் சொல்வாளாம். நடுஸ்டேஷன் வரைக்கும் எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு பெட்டி வண்டி ஒன்று இன்னும் போகிறது, வழியில் ஒரு இடத்தில் மாற வேண்டும். உங்கள் பக்கத்திலிருந்து பஸ் இருப்பதாக விசாரித்தேன். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். நீங்களும் வாருங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. மேம்பாலத்துக்குக் கீழே ஒரு பெஞ்சு இருக்கிறது. நான் அதில் உட்கார்ந்திருப்பேன். இடி விழுந்தாலும் நகர மாட்டேன். நீங்கள் எவ்வளவு தாமதமாக வந்தாலும் உங்களைத் தேடிக்கொண்டு வர மாட்டேன். என் சட்டையைப் பெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிடப் போவதாக உங்கள் தங்கை சொல்கிறாள்.

மாப்பிள்ளை

மே 2

டேய் மாப்பிள்ளை,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் இடுப்பு கழன்றுவிட்டது. இந்த வழியில் ஆறு இருப்பதே பஸ்ஸில் போகிறவனுக்குத் தெரியாது. பாலத்தில் சத்தமே இல்லை. எனக்குக் கேட்காதது வேறு, சத்தமில்லாதது வேறு. உடம்புக்குத் தெரியும்.

ஸ்டேஷனில் நம் தண்டவாளம் ஒன்றில் புல் முளைத்துவிட்டது, பார்த்தாயா? நான் இறங்கி ஏறும் இடத்தில் மட்டும் முளைக்கவில்லை என்று தங்கையிடம் சொன்னேன். அவள் சிரித்ததைப் பார்த்தால் நம்பவில்லை போலிருக்கிறது.

அவள் என்னவோ நிறையப் பேசினாள். ஒரு சொல் காதில் விழவில்லை. திரும்பிப் போகும் வரை என் சட்டைக் கையைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை. அதிலிருந்து புரிந்துகொண்டேன்.

பேச்சை நீ தாளில் எழுதிக் காட்டினாய். நல்லதுதான். ஆனால் நீ ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் நான் கொண்டுவந்த பிளாஸ்க்கில் பாதி டீ காலியாகிவிட்டது. கடைசித் தாளில் நாக்கைக் கடித்துக்கொண்டு ஏதோ முக்கியமாக எழுத ஆரம்பித்தாய். உங்கள் வண்டி ஊதிவிட்டது. தாளை என் கையில் திணித்துவிட்டு ஓடினாய். அந்தத் தாள் சட்டைப்பையில் இருக்கிறது. "மச்சான் உங்கள் டீயில் எப்போதும்" என்று இருக்கிறது.

எப்போதும் என்னடா? ஒரு மணம் இருக்குமா? ஒரு ருசியா? வேறு எந்த டீயும் அதன் பக்கத்தில் நிற்க முடியாதா? ஊருக்குத் திரும்பும் வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எத்தனையோ பேர் என் கையால் டீ குடித்திருக்கிறார்கள். ஒருவரும் எழுதிக் கொடுத்ததில்லை.

உன் வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்பதை அந்த வரியின் மீதியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மச்சான்

மே 12

அன்புள்ள மச்சானுக்கு,

அந்த வரியை முடிக்க வேண்டாம், வேறு ஏதாவது நல்லதாக எழுதி அனுப்பிவிடுங்கள் என்று உங்கள் தங்கை கெஞ்சினாள். ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதுதானே நம் வழக்கம்? விட்டது இப்படித்தான் முடிகிறது:

மச்சான், உங்கள் டீயில் எப்போதும் சர்க்கரை அதிகம்.

முதல் தடவை குடித்த நாளிலிருந்தே அதிகம். பாகு மாதிரி இருக்கும். பல் கூசும். ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். சொன்னால் கோபித்துக்கொண்டு அடுத்த தடவை வராமல் இருந்துவிடுவீர்களோ என்று பயந்து, முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்துவிடுவேன். இப்போது தைரியமாக எழுதுகிறேன். ஏனென்றால் கோபித்துக்கொள்வதானால் இனி நீங்கள் இங்கே வந்துதான் கோபித்துக்கொள்ள வேண்டும். அங்கே இருந்துகொண்டு கோபித்துக்கொள்வதை உங்கள் தங்கை இனிமேல் அனுமதிக்கப் போவதில்லை.

அறை தயாராகிவிட்டது. காற்று நன்றாக வருகிறது. கட்டிலில் நானே படுக்கை விரித்து, நாலு மூலையும் உள்ளே போகும்படி கம்பளி மடித்து வைத்திருக்கிறேன். தினம் யாராவது அதைக் கலைத்துவிட்டால் திரும்ப மடிக்கிறேன். கலைப்பது நான்தான் என்று உங்கள் தங்கை சொல்கிறாள். பலகையை உங்கள் அறைக் கதவுக்கு மேலே மாட்டிவிட்டேன். அதற்குப் பயப்படாதீர்கள். அறை ஓடாது, கதவில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

நம் வண்டியின் வரலாறு நூலகத்து வகுப்பில் நடுஸ்டேஷன் வரைக்கும் வந்து நிற்கிறது. எதிர்வண்டி வந்தால்தான் மேலே போக முடியும் என்று டீச்சரம்மாவிடம் சொல்லிவிட்டேன். காத்திருப்பதாகச் சொன்னார்.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். அடுத்த வாரம் கட்டாயம் எழுதுவேன். அதற்குள் நீங்கள் இங்கே வந்துவிட்டாலும் எழுதுவேன். எழுதி மேஜையின் அந்தப் பக்கம் தள்ளிவிடுவேன். நீங்கள் டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாக வாசிக்கலாம், இனி விசில் ஊத யாரும் இல்லை.

மாப்பிள்ளை